கொச்சி முதல் சேலம் வரை: தொலைவும் பொழுதும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது நான் சற்றுத் தயங்கினேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்புப்பாதைக் காரியாலயத்தில் பேரேடுகளோடும் கால அட்டவணைகளோடும் காலங் கழித்து வருகின்றேன். இலக்கியச் சுவை சொட்டும் கட்டுரையை என்னிடம் எதிர்பார்ப்பது பாலையில் நீர் தேடுவது போலாகும். ஆயினும் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம், அதனைக் கடக்க ஆகும் நேரம், இவ்விரண்டும் என் தொழிலோடு ஒட்டியவை. பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டு மட்டாஞ்சேரியில் வந்து குடியேறிய நம்மவர் அனைவருடைய வாழ்வோடும் அவை ஒட்டியவையே. ஆகவே கொச்சிக்கும் என் முன்னோர் ஊராகிய சேலம் மாவட்டத்துக்கும் இடையே உள்ள தொலைவு காலந்தோறும் எவ்வாறு கடக்கப்பட்டு வந்தது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுத முற்படுகின்றேன். குற்றங் குறைகளைப் பொறுத்தருளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

தொலைவு என்பது யாது?

இரண்டு ஊர்களுக்கு இடையே தொலைவு ஒன்றே என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது ஒன்றன்று. காக்கை பறக்கும் தொலைவு ஒன்று. வண்டி செல்லும் தொலைவு மற்றொன்று. நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்திலிருந்து ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு நிலப்படத்தின்மீது நேர்க்கோடு ஒன்று வரைந்து அளந்தால் ஏறத்தாழ 257 கிலோமீட்டர் வரும். அக்கோடு நெல்லியாம்பதி மலையைத் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கமாகச் சென்று, சூலூரையும் பவானியையும் ஒட்டி ஓமலூரை அடையும். ஆனால் எர்ணாகுளத்திலிருந்து சேலத்துக்குப் புகைவண்டி செல்லும் தூரமோ ஏறத்தாழ 355 கிலோமீட்டர். வண்டிக்கு மலையைத் தாண்டத் தெரியாது. திருச்சூர், சொர்ணூர் என வடக்கே சென்று, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, கோவைப் பக்கம் வெளிப்பட்டு, திருப்பூரும் ஈரோடும் கடந்துதான் அது சேலம் சேர வேண்டும். ஏறத்தாழ 98 கிலோமீட்டர் அதிகமாவதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையே முதற் காரணம்.

விமானிகள் தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. கப்பலோட்டிகளைப் போலக் கடல் மைலிலேயே கணக்கிடுகின்றனர். பூமியின் தீர்க்க வட்டத்தில் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பகுத்தால், ஒரு கலைக்கு உரிய நீளமே ஒரு கடல் மைல். அஃது 1.852 கிலோமீட்டர். அக்கணக்கின்படி கொச்சிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 139 கடல் மைல் ஆகும்.

பெருவழிக் காலம்

கணவாய் வழியாகச் சேர நாட்டுக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் போக்குவரத்து நிகழ்ந்தது நேற்று இன்றன்று. கொடுங்கல்லூரை ஒட்டியிருந்த முசிறித் துறையில் யவனர் கப்பல்கள் மிளகுக்காக வந்து நின்ற காலத்திலேயே அவ்வழி நடமாட்டம் மிக்கதாயிருந்தது. கோவைக்கு அருகே வெள்ளலூரிலும், கருவூரிலும் உரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது இதற்குச் சான்று. கருவூரை அடுத்த புகளூர்க் குன்றில் சேர மன்னர் பெயர் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரைத் தாங்கிய சோழர் காலக் கல்வெட்டும் உள்ளது. பாதைக்குப் பெயர் சூட்டிக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்றால், அப்பாதையின் சிறப்பு எத்தகையதாயிருந்திருக்க வேண்டும்!

ஆயினும் அன்றைய பயணி எருதின் கால்வேகத்தை மீற இயலவில்லை. பொதி சுமந்த மாட்டு வண்டி நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் செல்லும் என்று கொண்டால், கொச்சியிலிருந்து சேலம் சேரப் பதினான்கு நாட்கள் ஆகும். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகினால் அதற்கும் மேல் ஆகும். அக்காலத்தில் கடற்கரைக்குப் பிழைக்க வந்தவன் ஊரில் தந்தை இறந்த செய்தியைக் கேட்டான் என்றால், அவன் அதனைச் செய்தியாகக் கேட்டிருப்பானே அன்றி, இறுதிச் சடங்குக்கு அழைப்பாகக் கேட்டிருக்க மாட்டான்.

இருப்புப்பாதை வந்தது

சென்னை இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதற் பிரயாணிகள் புகைவண்டி புறப்பட்டது. அப்பாதை மேற்கு நோக்கி வளர்ந்து, சேலத்தையும் பாலக்காட்டையும் கடந்து, 1862ஆம் ஆண்டில் மலையாளக் கரையில் உள்ள பேப்பூரோடு இணைந்தது. பதினான்கு நாட்பயணம் ஒரு நாட்பயணமாகச் சுருங்கியது. ஆனால் கொச்சி அப்பாதையில் அமையவில்லை. கொச்சிக்காரர் காயல் வழியாகப் படகிலும் பின்னர் மாட்டு வண்டியிலும் சென்று சொர்ணூர்ப் பக்கத்தில்தான் வண்டி ஏற வேண்டியிருந்தது.

நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே சொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை வந்தது. கொச்சி மன்னர் இராமவர்மர் அதற்குப் பொருள் திரட்டும் பொருட்டுத் திருப்பூணித்துறைப் பூர்ணத்திரயீசர் கோயிலுக்கு உரிய பதினைந்து பொன் நெற்றிப்பட்டங்களுள் பதினான்கை விற்றார் என்பது கொச்சி வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. யானையின் நெற்றியை அலங்கரித்த பொன் இருப்புப்பாதையாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது. 1902ஆம் ஆண்டு ஜூலையில் அப்பாதையில் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அது மீட்டர் அளவுப் பாதை. சென்னைப் பாதையோ அகலப் பாதை. ஆகவே சொர்ணூரில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வண்டி மாற வேண்டும். 1930களின் நடுவில் அப்பாதையும் அகலப் பாதையாக மாற்றப்பட்ட பின்னரே அத்தொல்லை நீங்கியது.

மட்டாஞ்சேரி மக்களுக்கு அப்பொழுதும் ஒரு காயல் குறுக்கே கிடந்தது. எர்ணாகுளம் சென்று வண்டி ஏறப் படகையே நம்பியிருந்தனர். காயலின் நடுவே தீவு உண்டாகி, இரு புறமும் பாலங்கள் அமைந்த பின்னரே நம் பகுதி நிலத்தோடு நிலமாக இணைந்தது.

தீவில் இறங்கிய விமானம்

அத்தீவின் வரலாறு தனிச்சிறப்புடையது. பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ 1920ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்தார். கப்பல்கள் உள்ளே வரவொட்டாது துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி நீக்கி, 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் பத்மா என்னும் கப்பலை உள்துறைமுகத்துக்குள் வரச் செய்தார். காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலமே வெலிங்டன் தீவு. சென்னை மாகாண ஆளுநராயிருந்து பின்னர் இந்தியாவின் அரசப் பிரதிநிதியான வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

அக்காலத்திலேயே இந்திய வானில் விமானப் போக்குவரத்து தளிர்விடத் தொடங்கியது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறு விமானத்தில் அஞ்சற் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அதனைப் பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றார். 1935ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அவ்வஞ்சற் சேவை நீண்டது. மறு ஆண்டு, அதாவது 1936இல், வெலிங்டன் தீவிலும் விமானத் தளம் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையினர் அதனைத் தம் பயனுக்கு எடுத்துக்கொண்டனர். விடுதலைக்குப் பின், 1953ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அங்குக் கருடா என்னும் கடற்படை விமானத் தளம் முறையாகத் தொடங்கப்பட்டது.

அதே 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நாட்டின் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. எட்டுக் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அதன் டகோடா விமானங்கள் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறந்தன. பின்னர் வைகௌண்ட், போக்கர், ஆவ்ரோ எனப் புதிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடற்படையின் தளத்திலேயே பொதுமக்களின் விமானங்களும் வந்து இறங்கின.

என் தந்தையார் 1968ஆம் ஆண்டு, இருபது வயதில், மட்டாஞ்சேரி கடைவீதியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பும்படிப் பாலத்தின்மீது நின்று தீவில் விமானம் இறங்குவதைப் பார்ப்பது அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் செலவில்லாத பொழுதுபோக்கு. “அந்த வயித்துக்குள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிப்போம். நம்மைப் போல ஒருவன் இருப்பான் என்று மட்டும் தோன்றினதில்லை” என்று அவர் சொல்வதுண்டு. விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அவருக்கும் அதற்கும் இடையே இருந்த தொலைவை எந்தக் கடல் மைலாலும் அளக்க இயலாது.

ஒரு தந்தி

இங்கே என் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்ல அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு, நான் பிறப்பதற்கு முன்னால், ஓமலூரை அடுத்த எங்கள் சிற்றூரில் என் பாட்டனார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார். பெரியப்பா அன்று நண்பகலே தந்தி கொடுத்துவிட்டார். அத்தந்தி மட்டாஞ்சேரியில் என் தந்தையார் கைக்கு வந்தது புதன்கிழமை மாலையில். இடையில் அது எங்கே தங்கியது என்பது இன்றளவும் எங்களுக்குத் தெரியாது. அன்றிரவே அவர் வண்டி ஏறினார். வியாழக்கிழமை காலை ஊர் போய்ச் சேர்ந்தபொழுது எல்லாம் முடிந்து, பால் தெளித்தும் ஆகிவிட்டது. சுடுகாட்டுக்குத் தனியே நடந்துபோய் ஈரமான சாம்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம்.

வண்டியின்மீது பழி இல்லை. வண்டி உரிய நேரத்திலேயே புறப்பட்டு உரிய நேரத்திலேயே சேர்ந்தது. பயணத்துக்கு ஓரிரவு, செய்திக்கு ஒன்றரை நாள். தூரத்தைக் கடக்கும் வேகம் மட்டும் வளர்ந்தால் போதாது, செய்தி செல்லும் வேகமும் வளர வேண்டும் என்பதை எங்கள் குடும்பம் அவ்வாறு கற்றுக்கொண்டது. அந்தத் தந்திச் சேவையும் 2013ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று கைப்பேசி அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. எஞ்சி நிற்பது பயண நேரம் ஒன்றே.

நெடும்பாசேரிக்கு மாறியது

தீவில் இருந்த ஓடுபாதை பெரிய விமானங்களுக்குப் போதவில்லை. கடற்படைத் தளமாகையால் விரிவாக்கவும் இடமில்லை. எனவே நகருக்கு வடக்கே நெடும்பாசேரியில் புதிய நிலையம் அமைக்கப்பட்டது. அரசாங்கம் மட்டுமன்றி, அயல்நாடுகளில் உழைக்கும் மலையாளிகளும் பிறரும் பங்குப் பணம் செலுத்தி எழுப்பிய நிலையம் அது. 1999ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் அதனைத் திறந்து வைத்தார். ஜூன் மாதத்தில் விமானங்கள் வரத் தொடங்கின. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் அந்நிலையம் முழுவதும் சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் பெருமையையும் பெற்றது.

நாட்டுக்கு அது பெருமை; மட்டாஞ்சேரிக்கோ அது தூரம். ஐந்து கிலோமீட்டரில் இருந்த நிலையம் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தீவிலிருந்து சேலம் நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 283 கிலோமீட்டர். நெடும்பாசேரியிலிருந்து 257 கிலோமீட்டர். விமானத்துக்கு 26 கிலோமீட்டர் குறைந்தது; நமக்குச் சாலையில் 35 கிலோமீட்டர் கூடியது. விமானம் 26 கிலோமீட்டரை மூன்று நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். நாம் 35 கிலோமீட்டரைக் கடக்க எர்ணாகுளத்துச் சாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டும்.

பழைய தீவு நிலையம் ஒரு முறை மீண்டும் விழித்துக்கொண்டதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் நெடும்பாசேரி நிலையம் நீரில் மூழ்கி இரண்டு வாரம் மூடப்பட்டது. அப்பொழுது கடற்படையினர் தம் ஓடுபாதையைத் திறந்துவிட்டனர். ஆகஸ்டு 20ஆம் நாள் பெங்களூரிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று அங்கு வந்து இறங்கியது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தீவில் பொதுமக்களின் விமானம்! என் தந்தையார் எழுபது வயதில் மறுபடியும் பாலத்தின்மேல் நின்று அவ்விமானங்களைப் பார்த்தார். பெரிய விமானங்களால் இயலாததைச் சிறு விமானம் செய்தது என்பதை நான் அன்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சேலத்தில் விமானம்

சேலம் விமான நிலையம் சேலம் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கமலாபுரத்தில் உள்ளது. அமைந்த நாள் முதல் அதற்கு வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வந்தன. பல ஆண்டுகள் விமானமே வராமல் வெறுமையாய்க் கிடந்தது. சிற்றூர்களையும் வானத்தோடு இணைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு மத்திய அரசாங்கம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் உடான் என்னும் திட்டத்தை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே அதன் முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, குறிப்பிட்ட தொகை இருக்கைகளுக்கு, ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு வரம்பு கட்டி, அதனால் நிறுவனத்துக்கு நேரும் நட்டத்தைச் சில ஆண்டுகள் அரசாங்கமே ஈடு செய்வது அத்திட்டத்தின் முறை.

அத்திட்டத்தின் கீழ் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் சென்னைக்கும் சேலத்துக்கும் விமானம் விடப்பட்டது. 2021இல் அது நின்றது. பின்னர் 2023ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கொச்சிக்கும், அவ்வழியே திரும்பியும் அலையன்ஸ் ஏர் விமானம் பறக்கத் தொடங்கியது. கொச்சியையும் சேலத்தையும் நேராக இணைத்த அச்செய்தியைச் செய்தித்தாளில் படித்த அன்று, பாதையும் கணவாயும் அறிந்த எனக்கே வியப்பாயிருந்தது.

விமான நிலையத்தின் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. அதனை விரிவாக்க 570 ஏக்கர் நிலம் எடுக்கப்படும் என்று 2018இல் அறிவிப்பு வந்தபொழுது, கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களின் உழவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்தப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். “நீங்கள் அரை நாள் முன்னால் வர, நாங்கள் ஆயுசுக்கும் வெளியே போகவா?” என்று அவர் என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்றும் என்னிடம் நல்ல விடை இல்லை.

அரை மணியும் ஐந்து மணியும்

இனி என் தொழிலுக்கு உரிய கணக்கைச் சொல்லுகின்றேன். இச்சிறு விமானம், அதாவது இரண்டு விசிறிகள் சுழலும் ஏ.டி.ஆர். வகை விமானம், மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பறக்க வல்லது. 257 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணையில் போட்டிருந்ததோ ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல். இது பொய்க் கணக்கோ என்று அன்பர்கள் ஐயுறலாம். பொய்யன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்த நொடி முதல், மறு நிலையத்தில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னே நிற்கும் விமானங்களுக்கு வழிவிட வேண்டும். மேலே ஏறும்பொழுதும் கீழே இறங்கும்பொழுதும் முழு வேகம் கூடாது. வானத்திலும் குறித்த வழித்தடங்களிலேயே செல்ல வேண்டும். நான் வரைந்த நேர்க்கோடு நிலப்படத்துக்கே உரியது. காற்றையும் மறத்தல் கூடாது. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேல்காற்று கிழக்கே செல்லும் விமானத்தை முன்னே தள்ளும். மேற்கே திரும்பும் விமானத்தைச் சற்றுத் தடுக்கும். இவை அனைத்துக்கும் இடம் விட்டே அட்டவணை எழுதுகின்றனர். தொடர்வண்டிக்கும் நாங்கள் அவ்வாறே செய்கின்றோம்.

இனி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிடுவோம். மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரிக்கு ஒன்றரை மணி. நிலையத்தில் சோதனைகளுக்காக முன்கூட்டிச் செல்லுதல் இரண்டு மணி. விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். இறங்கி வெளிவந்து எங்கள் ஊர் சேர அரை மணி. ஆக, ஐந்து மணி பத்து நிமிடம். புகைவண்டியிலோ, எர்ணாகுளம் சேர முக்கால் மணி. நிலையத்தில் அரை மணி. வண்டியில் ஏழு மணி. சேலத்திலிருந்து ஊர் சேர முக்கால் மணி. ஆக ஒன்பது மணி. மிச்சமாவது நான்கு மணிக்குச் சற்றே குறைவு. வானத்தில் ஏழு மணி நேரம் ஒரு மணியாகச் சுருங்கியதாகத் தோன்றினாலும், தரையில் அதன் பாதிக்குச் சற்று மேற்பட்டதே கைக்கு வந்து சேர்கின்றது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. புகைவண்டி பகலிலும் இரவிலும் பல உண்டு. விமானமோ 2023இல் நாளைக்கு ஒன்றே இருந்தது, அதுவும் பிற்பகலில். இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தால், இரவு வண்டி ஏறியவன் விடியலில் ஊரில் இருப்பான்; விமானத்துக்குக் காத்திருப்பவன் மறுநாள் மாலையில்தான் இருப்பான். ஆகவே எது விரைவானது என்று கேட்டால், எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று திருப்பிக் கேட்பதே முறை. காத்திருக்கும் நேரமும் பயண நேரமே. வேகத்தை மட்டும் பார்த்து, எத்தனை முறை வண்டி உண்டு என்பதைப் பாராதவன் கணக்கில் பாதியை விட்டவன்.

ஒரு கார்த்திகை மாலை

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பெரியப்பா காலமாகிவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடப் போகின்றார்கள். காலை வண்டிகள் போய்விட்டன. அதன்பின் கிடைக்கும் வண்டி இரவு வெகு நேரம் கழித்தே சேலம் சேரும். என் கையில் இலவசப் பாஸ் இருந்தது. ஆனால் அது நேரத்தை வாங்கித் தராது. என் காரியாலயத் தோழர் ஒருவர்தாம் அந்தப் புதிய விமானத்தை நினைவூட்டினார். இரண்டு சீட்டு கிடைத்தது. இருப்புப்பாதைக் குமாஸ்தா தன் தந்தையை விமானத்தில் அழைத்துச் செல்கின்றான் என்று பின்னர் காரியாலயத்தில் நகைத்தார்கள். அன்று நகைக்க எனக்கு நேரமில்லை.

எழுபத்தைந்து வயதில் என் தந்தையார் முதன்முறையாக விமானம் ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்தும் அவர் வெளியே பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையைத் தாண்டுகிறோம் என்று நான் சொன்னபொழுது மட்டும் ஒரு முறை தலை திருப்பினார். ஐந்து மணிக்குச் சில நிமிடம் முன்னதாகக் கமலாபுரத்தில் இறங்கினோம். ஐந்தேகாலுக்கு ஊரில் இருந்தோம். பாடை கட்டி முடிந்திருந்தது. எங்களுக்காகவே நிறுத்தி வைத்திருந்தனர். மேற்கே வெயில் மங்கிக்கொண்டிருந்தது.

தந்தையார் பெரியப்பாவின் முகத்தருகே குனிந்து, “அண்ணா, அப்பனுக்குத்தான் நேரத்துக்கு வந்து சேரவில்லை, உனக்கு வந்துவிட்டேன்” என்றார். அவ்வளவே. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த ஒரு சொல்லில் இறங்கியதை நான் கண்டேன். எந்த நிலையத்தை விரிவாக்கப் பெரியப்பா எதிர்த்தாரோ, அந்த நிலையமே தம்பியை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. அவர் எதிர்த்தது தவறு என்று இதனால் நான் சொல்ல வரவில்லை. அவருடைய தோட்டமும் நியாயம். என் தந்தையாரின் கண்ணீரும் நியாயம். வரலாறு இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிச் செல்கின்றது.

முடிவுரை

அன்பர்களே! பதினான்கு நாள் ஒரு நாளாயிற்று. ஒரு நாள் ஒன்பது மணியாயிற்று. ஒன்பது மணி ஐந்து மணியாயிற்று. மலையும் ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சிறு நிலையங்களின் விமானங்கள் தொடங்குவதும் நிற்பதும் இயல்பு. அரசாங்கத்தின் உதவியும் பயணிகளின் தொகையும் குறைந்தால் வழித்தடமும் குறையும். ஆகவே எந்த ஒரு வசதியையும் நிலையானது என்று நம்பி நாம் இருத்தலாகாது.

இதனை முன்னிட்டு நம் சங்கத்துக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று வைக்கின்றேன். தோபி கானாவில் துணி வெளுக்கும் நண்பர் முதல் கடைவீதியில் கணக்கெழுதும் நண்பர் வரை, நம்முள் யாருக்கும் ஊரிலிருந்து துயரச் செய்தி எந்நேரமும் வரலாம். அப்பொழுது எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று கலங்கிய நெஞ்சோடு தேடுவது கடினம். தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பகலிலும் இரவிலும் விரைந்து செல்லும் வழியை எழுதி, மாதந்தோறும் திருத்தி, சங்கக் கட்டடத்தின் வாசலில் தொங்கவிடுவோம். எழுதித் தரும் பொறுப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்கின்றேன். கையில் பணமில்லாதவருக்குச் சீட்டு வாங்க ஒரு சிறு நிதியும் திரட்டுவோம். தூரத்தைச் சுருக்க நம்மால் இயலாது; புறப்படும் நேரத்தைச் சுருக்க இயலும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!